கம்பி இல்லாமல் கதைத்த மலைத்தொட்டி

செத்துப்போன டோர்ச் பற்றரிகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ரேடியோ பாட வைத்தவன் நான். மூன்று சைக்கிள் டைனமோக்களை ஒன்றாக்கிக் கோயில் திருவிழாவுக்கு அம்பிளிபயர் ஓட்டியவன் நான். மிதிக்க ஆட்கள் மாறி மாறி வந்தார்கள், நாதஸ்வரம் ஓரிடத்திலும் அறுபடவில்லை. பாலையூற்றில் ஒரு கல்யாண வீட்டில் மின்சாரம் நின்றபோது, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கொண்டுபோய் மணவறைக்கு வெளிச்சம் கொடுத்தேன். உப்பில் ஊறிப் பச்சை பிடித்து, இனிக் குப்பைதான் என்று விட்ட படகுக் கருவிகளை மறுபடி கடலுக்கு அனுப்பினேன். கடைசியில், கம்பி எதுவும் இல்லாமல் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கதைக்க வைத்தேன். எல்லாம் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், சண்டை நடந்த காலத்தில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட இந்தக் கையால்.

தொழினுட்பக் கல்லூரி மாணவர்கள் தங்கள் மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எதை எழுதுவது என்று நான் யோசிக்கவில்லை. இந்த வருடம் மலையடிவாரத்துப் பம்ப் அறைக்குப் புதிதாகச் சாயம் பூசிச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். ‘கம்பியில்லா நீர்மட்டக் கருவி’ என்று அதில் தலைப்பு. கீழே பம்ப் வாங்கித் தந்த நிறுவனத்தின் பெயரும் திறப்புவிழாவுக்கு வந்தவர்களின் பெயர்களும். பம்ப் தந்தவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. கருவி வந்த விதம் வேறு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

1. வெட்டப்பட்ட வயர்

என் கடை மீன் மாக்கற்றுக்குப் பின்னால் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ‘ரேடியோ நல்லதம்பி’ என்றால் உப்புவெளியிலும் தெரியும், மூதூரிலும் தெரியும். மூதூர் ஆட்கள் ரேடியோவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு லோஞ்சுப் படகில் வந்து இறங்குவார்கள்.

துறைமுகத்தைப் பார்த்த மலைச்சரிவில் ஒரு பிரசவ விடுதி இருந்தது. அதற்குத் தண்ணீர் மலை உச்சியிலிருந்த தொட்டியிலிருந்து வரும். தொட்டிக்கு அடிவாரத்துக் கிணற்றிலிருந்து பம்ப் ஏற்றும். அடிவாரம் என்றால் கடலுக்குக் கூப்பிடு தூரம். அந்தக் கிணற்றுக்கு ஒரு குணம் உண்டு. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். ஒரு தரம் உவர் ஏறினால் மாரி மழை வரும்வரை அது இறங்காது. ஆகவே தொட்டி நிறைந்ததும் பம்ப் நின்றே ஆகவேண்டும். அதற்காகத் தொட்டியில் ஒரு மிதப்புச் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து பம்ப் அறைவரை வீதியோரமாக ஒரு வயர் இழுத்திருந்தார்கள்.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, வீதியோரங்களில் வயர் இழுத்து வைத்த கிளைமோர்க் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய நேரம். காலையில் வீதி சோதித்து வந்த ராணுவத்தினர் புல்லுக்குள் ஓடிய அந்த வயரைக் கண்டுவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டே நடந்து பம்ப் அறைக்கு வந்தார்கள். அங்கே பம்ப் ஓட்டும் கணேசன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வயரின் மறுமுனையில் இருந்த மனிதர் அவர்தான் என்று முடிவாகிவிட்டது. பார்சல் அங்கே கிடக்க, ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிரசவ விடுதியில் எல்லாருக்கும் மேலான தாதியை நாங்கள் பெரிய மிஸ்ஸி என்போம். அவர் நேராக மலைச்சரிவிலிருந்த ராணுவக் காவலரணுக்குப் போய், அங்கிருந்த கதிரையில் இருந்துகொண்டு, “இந்த ஆள் இல்லாட்டி எனக்குத் தண்ணி இல்லை. விடும்வரைக்கும் நான் இஞ்சதான் இருப்பன்” என்று சொல்லி, கணேசனைக் கையோடு கூட்டிவந்தார். ஆள் வந்தார், வயர் வரவில்லை. துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். வீதியோரத்தில் இனி ஒரு வயரும் ஓடக்கூடாது என்பது உத்தரவு.

அதற்குப் பிறகு கணேசன் மலையேறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பம்பைப் போடுவார். மலைப்பாதை காவலரணுக்குள்ளால் போகும். அவர்கள் விட்டால் போகலாம், விடாவிட்டால் ஏலாது. கிணறு உவர்க்கும் என்ற பயத்தில் கணேசன் பம்பைக் குறைவாகவே ஓட்டினார். ஒரு பகல், பிள்ளை பாதி பிறந்திருக்கும்போது குழாய் வெறும் காற்றை ஊதியது. பிள்ளைப்பேறு பார்க்க வந்த சொந்தக்காரர் அடிவாரத்துக் கிணற்றில் அள்ளி வாளியோடு மலையேறினார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பெரிய மிஸ்ஸி அடுத்த நாளே என் கடைக்கு வந்தார்.

“நல்லதம்பி, ஊரெல்லாம் உம்மட கதைதான். செத்த பற்றரிக்கு உயிர் குடுத்தனான், கல்யாணத்துக்கு வெளிச்சம் குடுத்தனான் எண்டு.”

“ஓம் மிஸ்ஸி. பொய்யில்லை.”

“பொய் எண்டு நான் சொன்னனானோ? அந்தத் தொட்டி நிறைஞ்சிருக்கோ குறைஞ்சிருக்கோ எண்டு வயர் இல்லாமல் கீழ சொல்ல வேணும். அதைச் செய்துபோட்டுப் பிறகு கதையும்.”

“வயர் இல்லாமலோ?”

“வாய் மட்டும் போதுமெண்டால் உம்மை மலையில ஏத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லுவன்.”

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். செய்வதாக அந்த இடத்திலேயே சொன்னேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. என் பாதி வேலைகள் அப்படித்தான் தொடங்கின.

2. கோலிங் பெல்லில் தொடங்கியது

கிண்ணியாவில் சலீம் நானா என்று ஒரு வியாபாரி. சமாதான காலத்தில் கொழும்பிலிருந்து வயர் இல்லாத கோலிங் பெல் பெட்டி பெட்டியாக வாங்கி வந்திருந்தார். சண்டை மீண்டதும் ஒருவரும் அதைத் தொடவில்லை. பட்டனை அமத்தினால் தூரத்தில் ஏதாவது நடக்கும் என்ற சாமானைச் செக்பொயின்றுக்குள்ளால் கொண்டுபோக யாருக்குத் துணிவு வரும்?

“எடுத்துட்டுப் போங்க நல்லதம்பி. கடையில வச்சிருக்கவே எனக்குப் பயமா இரிக்கி” என்றார். சும்மாவே தந்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

உடைத்துப் பார்த்தால் உள்ளே ரேடியோ மொடியூல் இரண்டு. அனுப்புவது ஒன்று, நகம் அளவு. வாங்குவது ஒன்று, தீப்பெட்டியில் பாதி. தொட்டியின் மிதப்புச் சுவிட்சைப் பட்டனுக்குப் பதிலாகக் கட்டினேன். மணி அடித்தது. மிஸ்ஸியிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மணி தானாகவும் அடித்தது. வீதியில் ஒரு வேன்காரர் தன் கதவைக் கையிலிருந்த திறப்பின் பட்டனால் பூட்டினாலும் அடித்தது. தொட்டி அரைவாசியா, கால்வாசியா என்று கேட்டால் மணியிடம் மறுமொழி இல்லை.

இதற்கு மேல் என் படிப்புப் போதாது என்று விளங்கியது. தொழினுட்பக் கல்லூரியில் வதனி ரீச்சர் இலத்திரனியல் படிப்பித்தார். அவருடைய கசெற் பிளேயரை நான் ஒருமுறை திருத்திக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். பெல்லை மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன்.

“அண்ணை, மணி அடிச்சுப் போதாது. வசனம் சொல்ல வேணும்” என்றார் ரீச்சர். “மைக்ரோ கொன்ரோலர் ரெண்டு வேணும். மேல ஒண்டு, கீழ ஒண்டு. ஸ்ரோர்சில பழுதெண்டு ஒதுக்கினதில நல்லது இருக்கும். கேட்டு எடுத்துத் தாறன்.”

மைக்ரோ கொன்ரோலர் என்பது பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் உள்ள ஒரு கறுப்புத் துண்டு. கொம்பியூட்டரில் புரோகிராம் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், சொன்னதைச் சொன்னபடி சலிக்காமல் செய்யும். நான் அதுவரை தொட்டதில்லை. ரீச்சர் எனக்கு விளங்கப்படுத்திய மாதிரி, பிறகு எனக்கு ஒருவரும் எதையும் விளங்கப்படுத்தியதில்லை.

வாங்கும் மொடியூலின் காலில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டிக் கேட்கும் யோசனை என்னுடையது. கேட்டேன். ஒருவரும் எதுவும் அனுப்பாத நேரத்திலும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் இடைவிடாமல் வந்தது. ரீச்சரின் முகம் மலர்ந்தது.

“இதுதான் அண்ணை பிரச்சினை. ஒருத்தரும் கதைக்காத நேரம் இது காதைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசியில வெறும் இரைச்சலையே கதை எண்டு நினைக்குது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“ஆக்கள் நிறைஞ்ச இடத்தில நீங்கள் கதைக்க முந்தி என்ன செய்வியள்?”

“தொண்டையைச் செருமுவன்.”

“அதைத்தான் செய்யப் போறம்.”

அப்படியே புரோகிராம் எழுதினார். மேலே உள்ள கருவி முதலில் ஒரே தாளமாகக் கொஞ்ச நேரம் செருமும். கீழே உள்ள மொடியூல் தன் காதை அந்த அளவுக்குச் சரிசெய்துகொள்ளும். பிறகு எங்கள் தொட்டிக்கென்று வைத்த அடையாள இலக்கம். வேன்காரரின் பட்டனுக்கு அந்த இலக்கம் தெரியாது. பிறகு தண்ணீரின் மட்டம். கடைசியாக எல்லாவற்றையும் கூட்டிய தொகை. கீழே உள்ளது தானும் கூட்டிப் பார்த்து, தொகை சரிவந்தால் மட்டும் நம்பும். பிழைத்தால் எறிந்துவிடும். ஒரே செய்தியை மூன்று தரம் சொல்லிவிட்டு, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி சொல்லும். வேகம் வேண்டாம், ஆறுதலாகச் சொன்னால் தூரம் போகும் என்றார் ரீச்சர். எனக்கு அது பிடித்தது. கடலில் எதிர்க்காற்றில் படகுக்குப் படகு கூப்பிடுகிறவர்களும் அப்படித்தான் ஆறுதலாக இழுத்துக் கூப்பிடுவார்கள்.

புரோகிராம் ரீச்சருடையது. மற்றதெல்லாம் என் கை. தொட்டிக்குள் நாலு மட்டத்தில் மீன்வலைக்குக் கட்டும் மிதப்புகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் பூட்டினேன். பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கருவியை வைத்து, படகு ஓட்டை அடைக்கும் பைபர் பசையால் விளிம்பை மூடினேன். எங்கள் கடற்காற்று ஒரு மாதத்தில் செப்பைத் தின்றுவிடும். அந்தப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. அன்ரெனா ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த செப்புக் கம்பி. ரீச்சர் கணக்குப் போட்டுச் சொன்ன நீளத்தில் வெட்டினேன். தொட்டிச் சுவரிலிருந்த இரும்புக்கு அருகே வைத்தால் சத்தம் மங்குகிறது என்று காதால் கண்டுபிடித்து, ஒரு மூங்கில் தடியில் தள்ளி உயர்த்தியது நான். மின்சாரம் ஒரு சூரிய விளக்கின் தகட்டிலிருந்து வந்தது. கீழே பம்ப் அறைக்கு அதே மாதிரி இன்னொரு பெட்டி, வாங்கும் மொடியூலோடு, பம்பைப் போட்டு நிறுத்தும் ரிலே என்ற மின்சுவிட்சும் அதற்குள் இருந்தது.

3. நேவி முகாமில்

செய்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. வயருக்கே கணேசனைக் கொண்டுபோனவர்கள், வயரும் இல்லாத சாமானைக் கண்டால் என்ன செய்வார்கள்? மறைத்து வைக்கலாம் என்று கணேசன் சொன்னார். பெரிய மிஸ்ஸி விடவில்லை.

“ஒளிச்சு வச்சால்தான் அது குண்டு. கொண்டுபோய்க் காட்டினால் தண்ணிச் சாமான். நடவும்.”

மிஸ்ஸி வெள்ளை உடுப்போடு முன்னால் போக, நான் பம்ப் அறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நேவி முகாமில் சிக்னல்ஸ் ஒபிசர் ஒருவரிடம் அனுப்பினார்கள். சிங்களவர், நடுத்தர வயது, தமிழ் கொஞ்சம் தெரியும். மூடியைத் திறந்தார். மொடியூலைப் பார்த்தார், பிறகு ரிலேயைப் பார்த்தார். பார்த்த உடனே கையை எடுத்துவிட்டார்.

“இது நாங்க ரோட்டில குண்டுல இருந்து கழட்டுற சாமான்” என்றார். “இதே சாமான்.”

என் ஆயுளில் நான் கதைக்காமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

மிஸ்ஸிதான் கதைத்தார். “மாத்தயா, உங்கட ஆக்கள் ரெண்டு பேரின்ர மனுசிமாருக்கும் நாங்கள்தான் பிள்ளைப்பேறு பார்த்தனாங்கள். அந்த ரெண்டு பிள்ளையையும் குளிப்பாட்டினது இந்தத் தொட்டித் தண்ணியிலதான்.”

ஒபிசர் என்னைப் பார்த்தார். “யாரு செஞ்சது?”

“நான்” என்றேன். அந்த நேரத்திலும் அதை இன்னொருவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. “புரோகிராம் ரீச்சர். மிச்சமெல்லாம் நான்.”

“எத்தின வகுப்பு?”

“அஞ்சு.”

அவர் கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோல்டர் பிடித்த இடங்களை விரலால் தடவினார். அந்தத் தடவலில் ஆள் தொழில் தெரிந்தவர் என்று விளங்கியது. பிறகு நிபந்தனை சொன்னார். மூடி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், காவலரணில் நிற்கிற எவனும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடியதாக. பெட்டியில் தண்ணீர்க் குழாய்ப் படம் பெரிதாகக் கீற வேண்டும். வேறு யாருக்கும் இதே போல ஒன்று செய்து கொடுக்கக் கூடாது.

“இன்னொண்டு. ரோட்டில ஆமி வாகனக் கொன்வோய் வந்தா உங்க சாமான் வேலை செய்யாது.”

“ஏன் மாத்தயா?”

“அது நான் சொல்ல ஏலாது.”

விளங்கவில்லை. விளங்காத போதும், “என்ர சாமான் நிக்காது மாத்தயா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. காவலரணுக்குள் ஏறிய தண்ணீர்

கருவி பூட்டியதும் பிரசவ விடுதியில் குழாய் வற்றவில்லை. கால்வாசி என்று தொட்டி சொன்னால் பம்ப் ஓடும், நிறைந்தது என்றால் நிற்கும். நல்ல செய்தி ஒவ்வொன்றுக்கும் பம்ப் அறையில் ஒரு பச்சை விளக்கு மினுங்கும். கணேசன் மலையேறுவதை விட்டார். காவலரணைக் கடக்கும் பயம் அவர் முகத்திலிருந்து கழன்றது. ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்தேன். சொல்வதற்கு விஷயம் இருந்தது, சொன்னேன்.

ஒரு நாள் கொன்வோய் ஒன்று வந்து அடிவாரத்து வீதியிலேயே நின்றுவிட்டது. முன்னால் பாதை சோதித்து முடியும்வரை நகரவில்லை. வீதி மூடியதால் பம்ப் அறையிலிருந்த கணேசனை வெளியேற்றித் தூரத்தில் இருத்திவிட்டார்கள். வாகனங்கள் வரும்போது தொட்டி அரைவாசி, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வாகனங்கள் நின்றன, பம்ப் நிற்கவில்லை. தொட்டி நிறைந்து, வழிந்து, மலைச்சரிவில் இறங்கி, நேராகக் காவலரணுக்குள் போனது. மண்மூடைகள் சரிந்தன. ராணுவச் சப்பாத்துகள் மிதந்தன என்று கணேசன் பிறகு சொன்னார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உவர் தொட்டிருந்தது. இன்னும் ஒருமுறை இப்படி நடந்தால் அந்த வருடம் பிரசவ விடுதிக்கு நல்ல தண்ணீர் இல்லை.

காவலரண் பொறுப்பாளர் பெட்டியை உடைக்க வேண்டும் என்று நின்றார். சிக்னல்ஸ் ஒபிசர் வந்து தடுத்தார். எல்லார் முன்னாலும் என்னிடம், “அடுத்த கொன்வோய்க்கு நான் இங்க நிப்பன். அப்பவும் தண்ணி வந்தா நானே கழட்டிக் கொண்டுபோவன்” என்றார். திரும்பிப் போகும்போது குரலைத் தாழ்த்தி, “நிறைய அன்ரெனா உள்ள பச்சை ட்ரக் வரும். அந்த நேரம் உங்க மொடியூல்ல ஸ்பீக்கர் ஒண்டைக் கட்டிக் கேட்டுப் பாருங்க. நான் ஒண்டும் சொல்லல்ல” என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு ஒரு கடமையும் இருக்கவில்லை. எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தை நம்பாத நாட்கள் அவை. அவருடைய பெயரை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

கடையிலிருந்த இன்னொரு மொடியூலில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மாக்கற் வீதியால் அந்தப் பச்சை ட்ரக் போனபோது அப்பளம் பொரிகிற சத்தம் சட்டென்று அமுங்கியது. அதன் இடத்தில் பெரிய எஞ்சின் உறுமுவது மாதிரி ஒரே உறுமல். ட்ரக் போய் மறைந்ததும் மறுபடி பொரியத் தொடங்கியது. தூரத்திலிருந்து ரேடியோவால் குண்டு வெடிக்க வைப்பதைத் தடுக்க, அந்த ட்ரக் ரேடியோவையெல்லாம் அடித்து மூடிக்கொண்டு போகிறது. குண்டையும் அடிக்கிறது, எங்கள் தொட்டியின் குரலையும் அடிக்கிறது.

ரீச்சரிடம் ஓடினேன். அவர் புரோகிராமை எடுத்து மேசையில் பரப்பி, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“அண்ணை, பிழைச்ச செய்தியை எறி எண்டு எழுதியிருக்கிறன். செய்தியே வராட்டி என்ன செய்ய எண்டு எழுதேல்லை. அதால அது கடைசியாக் கேட்டதையே பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு.”

“பம்ப் ஓடு எண்டதை.”

“ஓம். தொட்டி கதைக்காட்டி பம்ப் நிக்க வேணும். நல்ல செய்தி ஒண்டு வரும்போதெல்லாம் எண்ணிக்கையை முதலில இருந்து தொடங்குவம். எண்ணி முடியுமட்டும் ஒண்டும் வராட்டி ரிலேயை விட்டிடும்.”

மிஸ்ஸியிடம் சொன்னோம். அவர் ஒரே கேள்வியில் எங்களை நிறுத்தினார். “பம்பை நிப்பாட்டினால் கிணறு தப்பும். ஆனா அந்தப் பச்சை ட்ரக் மத்தியானம்வரைக்கும் நிண்டால் என்ர பிள்ளைத்தாய்ச்சிக்குத் தண்ணி?”

ரீச்சர் என்னைப் பார்த்தார். இதற்கு மறுமொழி சொன்னது நான். கால்வாசிக்கு இறங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மேல் மட்டத்துக்குக் கீழே இறங்கிய உடனேயே பம்ப் கொஞ்சம் ஓடட்டும். அப்போது எந்த நேரத்தில் குரல் அறுந்தாலும் தொட்டியில் முக்கால்வாசிக்குக் குறையாமல் இருக்கும். கிணற்றுக்கும் அது நல்லது, ஒரே இழுவையாக இழுக்காமல் சிறுகச் சிறுக இழுக்கும். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீர்க் கானை அரைவாசியோடு கொண்டுபோவதில்லை. ரீச்சர் புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். அந்த எண் என்னுடையது.

5. பச்சை விளக்கு

அடுத்த கொன்வோய் ஒரு காலையில் வந்தது. மேலே பிரசவ விடுதியில் இரண்டு பெண்கள் நோவில் இருந்தார்கள். ஒபிசர் சொன்னபடியே வந்து பம்ப் அறை வாசலில் நின்றார். கணேசனை இந்த முறை வெளியேற்ற விடவில்லை. காவலரண் பொறுப்பாளர் புதிதாக அடுக்கிய மண்மூடைகளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கருவிக்கு முன்னால் நின்றேன்.

பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாகனம் தெரிந்தது. விளக்கு மினுங்குவதை நிறுத்தியது.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

“நிக்கேல்லையே அண்ணை” என்றார் கணேசன்.

“எண்ணுது. பொறும்.”

“எவ்வளவு நேரம் எண்ணும்?”

“ரீச்சர் சொன்னமட்டும்.”

ஒபிசர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். என் சட்டை முதுகில் ஒட்டியது. ரிலே ‘டக்’ என்றது, பம்ப் நின்றது. அந்தச் சின்னச் சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் திருத்திய எந்த ரேடியோவும் தந்ததில்லை.

இனி மற்றப் பாதி. வாகனங்கள் அசையவில்லை. மேலே தண்ணீர் திறந்திருந்தார்கள். தொட்டி இறங்கிக்கொண்டிருக்கும், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒன்றே ஒன்றின் வாயைப் பச்சை ட்ரக் பொத்தியிருந்தது. பக்கத்து மரத்து நிழல் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பெரிய மிஸ்ஸி மலைச்சரிவில் வந்து நின்று கீழே பார்த்தார். நான் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வாகனங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பச்சை ட்ரக் கடைசியாகத் திருப்பத்தில் மறைந்தது. காவலரண் பொறுப்பாளரும் வாசலுக்கு வந்திருந்தார். நாங்கள் நாலு பேரும் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது மினுங்கியது. பிறகு இன்னொரு தரம். ரிலே பிடித்தது, பம்ப் உறுமியது. மேலே தண்ணீர் ஒரு கணமும் நிற்கவில்லை என்று மிஸ்ஸி பிறகு சொன்னார். அன்று பிறந்த இரண்டும் பெண்பிள்ளைகள். காவலரணுக்குள் ஒரு துளி விழவில்லை.

ஒபிசர் பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தார். “அஞ்சாம் வகுப்பு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காவலரண் பொறுப்பாளரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அடுத்த நாள் பம்ப் அறைச் சுவரில் மூன்று மொழியிலும் ‘தண்ணீர்க் கருவி, தொடவேண்டாம்’ என்று ஒரு பலகை இருந்தது. சண்டை முடியும்வரை அதை ஒருவரும் தொடவில்லை. கிணறும் உவர்க்கவில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இப்போது உங்கள் மொடியூல்கள் கூட்டல் கழித்தலைத் தாங்களே செய்கின்றன, தொண்டையையும் தாங்களே செருமுகின்றன. ஆனாலும் செய்தி வராத நேரத்தில் உங்கள் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். செய்தி வரும்போது என்ன செய்வது என்பது எல்லாருக்கும் எழுதத் தெரியும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, ஈரச் சப்பாத்தோடு நின்ற ஒரு ராணுவக்காரருக்கு முன்னால் படித்தேன்.

இனித் தகட்டுக்கு வருகிறேன். பம்ப் தந்தவர்களின் பெயர் இருக்கட்டும், அது நியாயம். பெட்டி பெட்டியாகக் கோலிங் பெல் தந்த கிண்ணியா சலீம் நானாவின் பெயர் வேண்டும். புரோகிராம் எழுதிய வதனி ரீச்சரின் பெயர் வேண்டும். ‘நல்லதம்பி அண்ணை இல்லாட்டி இது மேசையிலேயே இருந்திருக்கும்’ என்று அவர் இன்றும் சொல்வார், அவர் இல்லாவிட்டால் இது மணி மட்டும் அடித்திருக்கும் என்று நான் சொல்கிறேன். பெரிய மிஸ்ஸி, பம்ப் கணேசன், இருவரும் இப்போது இல்லை. அவர்களுடைய பெயர்களும் வேண்டும். பெயர் தெரியாத அந்தச் சிக்னல்ஸ் ஒபிசருக்கு ஒரு வரி விடுங்கள். இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் தண்ணீர் ஏறியிருக்காது. எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் முதல் வரி என்னுடையது. ‘செய்தவர்: ரேடியோ நல்லதம்பி’ என்று பொறிக்க வேண்டும். பக்கத்தில் ‘ஐந்தாம் வகுப்பு’ என்றும் போடுங்கள். இடம் போதாது என்று அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.